நிழலுக்கு அள

2006ஆம் ஆண்டு ஃபிலிமில் படம் எடுத்துப் பழகியவர்களுக்கு நல்ல ஆண்டு அல்ல. எஃப்6, எஃப்எம்10 என்ற இரண்டைத் தவிர மற்ற ஃபிலிம் கேமராக்களைப் பெரும்பாலும் நிறுத்தப்போவதாக நிக்கான் அறிவித்தது ஜனவரியில். தென்காசியில் கலர் பிரிண்டுக்கு நாங்கள் நம்பியிருந்த கோனிகா, அதற்குள் மினோல்டாவோடு சேர்ந்து ஒரே கம்பெனி ஆகியிருந்தது. அதே மாதத்தில் அதுவும் கேமரா, ஃபிலிம் தொழிலை விட்டே விலகுவதாகச் சொல்லிவிட்டது. நான் அப்போது சிங்கப்பூரில். சம்பளம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. டிஜிட்டல் எஸ்எல்ஆர் வாங்க வசதி வந்துவிட்டது என்று சொல்வதைவிட, இனி வாங்காமல் இருக்க வழியில்லாமல் போய்விட்டது என்பதுதான் சரி. பெனின்சுலா ஷாப்பிங் சென்டரின் கேமராக் கடைகளில் ஏறி இறங்கியபோது, பிறந்த வீட்டை விற்க ஆள் தேடுகிறவனின் மனநிலைதான் இருந்தது.

என்னிடம் இருந்தது ஒரு நிக்கான் எஃப்எம்2, ஒரு 50 மில்லிமீட்டர் லென்ஸ். இரண்டும் அண்ணாச்சி கொடுத்தவை. தென்காசியில் அவருடைய ஸ்டூடியோவில்தான் நான் தொழில் படித்தேன். ஊரை விட்டுக் கிளம்பியபோது பையோடு கையில் திணித்தார். “வச்சுக்கல. இங்க இனி பாஸ்போர்ட் சைஸ் எடுக்கத்துக்கு இது எதுக்கு?”

ஆகவே எந்தக் கேமரா நல்லது என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. இந்த லென்ஸை எது ஏற்றுக்கொள்ளும் என்பதுதான் கேள்வி. கடைக்காரர் கேனான் 400டியை எடுத்து எடுத்து வைத்தார். கேனான் 1987இலேயே லென்ஸ் மாட்டும் வாயை மாற்றிவிட்ட கம்பெனி, அதன் பழைய லென்ஸே அதற்குப் பொருந்தாது, அண்ணாச்சியின் லென்ஸ் எப்படிப் பொருந்தும்? நிக்கானில் 1959இலிருந்து அதே வாய். ஆனால் அங்கும் ஒரு சிக்கல். டி80இல் பழைய லென்ஸ் மாட்டும், மீட்டர் செத்துவிடும். டி200இல் லென்ஸின் அளவையும் அப்பெர்ச்சரையும் மெனுவில் நாமே எழுதிக் கொடுத்தால் மீட்டர் வேலை செய்யும். விலை எக்கச்சக்கம். அதையே வாங்கினேன்.

லென்ஸ் பொருந்தியது. அது ஒன்றுதான் பொருந்தியது.

முதலில் போனது நிற்கும் இடம். ஃபிலிமின் சட்டம் 36 மில்லிமீட்டர் அகலம். டி200இன் சென்சார் 24ஐக்கூடத் தொடாது. 50 லென்ஸ் அதில் 75 லென்ஸைப் போல நடந்துகொள்கிறது. காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் எப்போதும் அடிக்கும் அந்தக் காற்றில், சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மணப்பெண்ணையும் மாப்பிள்ளையையும் இடுப்புவரை எடுக்க எங்கே நிற்க வேண்டும் என்பது என் கால்களுக்குத் தெரியும். யோசிக்க வேண்டியதில்லை. இப்போது கண்ணில் வைத்துப் பார்த்தால் மாப்பிள்ளையின் தோள் வெட்டுப்படுகிறது. பின்னால் போக வேண்டும். இன்னும் பின்னால். மனிதர்களிடமிருந்து அவ்வளவு தள்ளி நின்று நான் படம் எடுத்ததே இல்லை.

அப்புறம் அந்த லீவர். எஃப்எம்2இல் லீவரைக் கொஞ்சம் வெளியே இழுத்தால்தான் மீட்டர் விழிக்கும். நான் இடக்கண்ணால் பார்க்கிறவன். அது வலது புருவத்துக்குக் கீழே குத்திக்கொண்டே இருக்கும். எவ்வளவு சபித்திருக்கிறேன் அதை! ஒரு படம் எடுத்ததும் கட்டைவிரல் அதைத் தள்ளும், உள்ளே பல்சக்கரம் கரகரவென்று சுற்றி நிற்கும், அந்த ஒரு நொடியில் அடுத்த படம் தேவையா என்று மனம் கேட்டுக்கொள்ளும். டி200 ஒரு நொடியில் ஐந்து எடுக்கிறது. கட்டைவிரல் மட்டும் இன்னும் வெறும் இடத்தைத் தடவிப் பார்க்கிறது.

இரவுகளும் போயின. ரோல் கழுவ டி-76 கரைசல் 20 டிகிரியில் இருக்க வேண்டும் என்று புத்தகம் சொல்லும். சித்திரையில் தென்காசிக் குழாய்த் தண்ணீர் எங்கே, 20 டிகிரி எங்கே? பஸ் ஸ்டாண்டு சர்பத் கடையில் ஐஸ் வாங்கித் துண்டில் சுற்றி ஓடி வருவேன். கரைசலைச் சுற்றி ஐஸ், ஹைப்போ வாடை, பிறகு பிரிண்ட் போடச் சிவப்பு பல்ப். பேப்பர் ஊட்டியிலிருந்து, இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் போட்ட ‘இந்து’ பேப்பர். 1967இல் உற்பத்தி தொடங்கிய அந்த ஆலை அப்போதே நொடித்துக்கொண்டிருந்தது. அண்ணாச்சி ஒவ்வொரு பாக்கெட்டையும் பிரிக்கும்போது, “இது கடைசியா இருக்குமோ” என்பார். மரப் பீரோவுக்குள் லென்ஸில் பூஞ்சை பிடிக்காமலிருக்க ஒரு சின்ன பல்ப் எரிந்துகொண்டே இருக்கும். இப்போது என் வீட்டில் ட்ரை கேபினெட் இருக்கிறது. ஈரப்பதத்தை எண்ணால் காட்டுகிறது. பூஞ்சை வருவதே இல்லை. அந்த பல்ப் சூட்டில் மரமும் தோல் உறையும் சேர்ந்து வீசிய வாசனையும்.

ஈர நெகட்டிவை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அண்ணாச்சி வாசிப்பார். நன்றாக வந்த படங்களைப் பற்றி ஒரு வார்த்தை வராது. கெட்டுப்போனதில் விரல் நிற்கும். “இந்த எடத்துல என்ன, பயந்துட்டியோ?” பயந்துதான் போயிருப்பேன். கெட்டது நல்லதுக்குப் பக்கத்திலேயே, ஒரே சுருளில், அழிக்க முடியாமல் கிடக்கும். இப்போது என் கெட்ட படங்களை யாரும் பார்ப்பதில்லை. குப்பைத்தொட்டி பட்டனை இரண்டு முறை அமுக்கினால் போயிற்று.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது அவர் சொன்ன ஒரு வாக்கியம். “நெழலுக்கு அள. வெளிச்சம் தன்னப் பாத்துக்கிடும்.” கல்யாண வீட்டுக் கூட்டத்தில், மேளச் சத்தத்தில், பின்னாலிருந்து இதைத்தான் சொல்வார். நெகட்டிவ் ஃபிலிமில் அதுதான் நியாயம். நிழலில் வெள்ளி படியாவிட்டால் அங்கே எதுவும் இல்லை, எந்த என்லார்ஜராலும் மீட்க முடியாது. வெளிச்சம் கொஞ்சம் கூடினாலோ ஃபிலிம் பொறுத்துக்கொள்ளும். சென்சாரில் கதை தலைகீழ். வெளிச்சம் நிரம்பி வழிந்துவிட்டால் அந்த இடம் வெறும் வெள்ளை, அவ்வளவுதான். நிழலைப் பிறகு எவ்வளவோ தூக்கிக்கொள்ளலாம். அண்ணாச்சி சொன்னபடி அளந்தால் மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில் ஒரு மடிப்புக்கூட மிஞ்சாது; திரையில் அது மின்னி மின்னி எச்சரிக்கிறது. நீங்களும் யாரிடமாவது கைத்தொழில் கற்றிருந்தால் இது புரியும். கற்றுக்கொடுத்தவரின் குரல் காதுக்குள்ளேயே இருக்கிறது. அதே கனிவு, அதே உறுதி. ஆனால் அது சொல்வது இப்போது சரியில்லை.

போனில் அவரிடமே சொன்னேன். எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கித்தான். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “அப்படியா? சரில, அப்ப வெளிச்சத்துக்கு அள,” என்று சிரித்தார்.

கோபம் எனக்குத்தான் வந்தது. வாதாடுவார் என்று எதிர்பார்த்திருந்தேன் போல. 2008இல் நிக்கான் டி700 வந்தது. ஃபிலிம் சட்டத்தின் அதே அகலத்தில் சென்சார். பிற்பாடு அதை வாங்கினேன். 50 மறுபடி 50 ஆயிற்று, கால்கள் பழைய இடத்துக்குத் திரும்பின. அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. அவரும் கேமராப் பேச்சை எடுக்கவில்லை. சாரல் விழுகிறதா, குற்றாலத்தில் தண்ணீர் எப்படி என்று கேட்பேன். ஐந்தருவியில் கூட்டம் சொல்லி மாளாது என்பார். இருவரும் போனை வைத்துவிடுவோம்.