கேபிள் சொல்லும் உயரம்

பழைய ராஜ்தூத் 350-ஐப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். ஸ்பீடோமீட்டரும் ஆர்.பி.எம். மீட்டரும் ஹெட்லைட்டுக்கு மேலே எழும்பி நிற்கும். தொழிற்சாலை அவற்றைத் தவறாக வைக்கவில்லை. யமஹாவின் ஆர்.டி.350-ஐ எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983-இல் இந்தியாவில் ராஜ்தூத் என்ற பெயரில் தயாரித்து விற்கத் தொடங்கியபோது, வண்டியோடு வந்தது உயர்ந்த ஹேண்டில்பார். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுபவரின் கண்ணுக்கு அந்த மீட்டர் உயரம் சரியாகவே இருந்தது. அந்த ஹேண்டில்பாரைக் கழற்றிவிட்டுத் தட்டையான ஒன்றைப் பூட்டும்போதுதான் சிக்கல் வருகிறது. கை கீழே போய்விடும், தோள் முன்னே சாயும், மீட்டர்கள் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கும். அப்போது வண்டியை என் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு வந்து கேட்பார்கள்: “அண்ணே, மீட்டரைக் கொஞ்சம் இறக்கிக் குடுங்க.”

எவ்வளவு என்று கேட்டால் இரண்டு விரலை வைத்துக் காட்டுவார்கள். அந்த அளவை விரல் முடிவு செய்வதில்லை. அழகு பார்க்கும் கண்ணும் முடிவு செய்வதில்லை. மீட்டரின் அடியிலிருந்து இறங்கும் கேபிள்தான் முடிவு செய்கிறது.

காரணம் மீட்டருக்குள்ளே இருக்கிறது. முன்சக்கரத்தில் உள்ள சிறு பல்சக்கரம் கேபிளின் உள்கம்பியைச் சுழற்றுகிறது. கம்பி மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தை ஒட்டி, அதைத் தொடாமல், ஓர் அலுமினியக் கிண்ணம். சுழலும் காந்தம் அந்தக் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கித் தன் திசையில் இழுக்கும். முடி போன்ற மெல்லிய சுருள்வில் எதிர்த்திசையில் இழுக்கும். இரண்டும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். ஆர்.பி.எம். மீட்டருக்கும் இதே ஏற்பாடுதான், அதன் கேபிள் இன்ஜினிலிருந்து வருகிறது. முள்ளைப் பிடித்திருப்பது அந்த மெல்லிய இழுபறி மட்டுமே என்பதால், கம்பியின் சுழற்சியில் வரும் சின்னத் தடுமாற்றம்கூட முள்ளில் தெரிந்துவிடும்.

மீட்டரை இறக்கினால் கேபிளுக்குக் கிடைக்கும் இடம் குறைகிறது. மீட்டரை விட்டு இறங்கியதுமே அது வளைய வேண்டியிருக்கிறது. இறுக்கமான வளைவில் உள்கம்பி உறையோடு உரசி ஒரு கணம் சிக்கும். சக்கரம் நிற்காமல் சுற்றுவதால், கம்பி ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கிக்கொண்டு, பிறகு சட்டென்று விடுபடும். முள் 40-க்கும் 60-க்கும் நடுவே ஆடுவதன் காரணம் பல வண்டிகளில் இதுதான். மீட்டர் கெட்டுவிட்டது என்று அதைப் பிரிக்கச் சொல்வார்கள். மீட்டர்மேல் பெரும்பாலும் குற்றமில்லை.

பிரிட்டிஷ் வண்டிகளுக்கு மீட்டர் செய்த ஸ்மித்ஸ் நிறுவனம் இதற்கு அளவே சொல்லி வைத்திருக்கிறது. கேபிளின் எந்த வளைவும் 6 அங்குல ஆரத்துக்குக் குறையக்கூடாது. மீட்டரில் சேரும் இடத்தில் முதல் 2 அங்குலம் நேராக இருக்க வேண்டும். ஜப்பானிய மீட்டருக்கும் இயற்பியல் ஒன்றுதான் என்பதால் ஆர்.டி.யிலும் அதையே பிடித்துக்கொள்கிறேன். மீட்டரின் அடியில் அந்த 2 அங்குல நேர்ப்பாதை ஹெட்லைட் டூமின் முதுகிலோ வயர் கட்டிலோ இடிக்கத் தொடங்கும் உயரம்தான் அந்த வண்டியின் எல்லை. அதற்கும் கீழே வேண்டுமென்றால் மீட்டரை முன்னே தள்ள வேண்டும், அல்லது ஹெட்லைட்டையும் சேர்த்து இறக்க வேண்டும். ஹெட்லைட் இறங்கினால் வெளிச்சம் விழும் இடமும் மாறும். இரவில் சுவர் முன் நிறுத்தி, ஓட்டுபவரையும் உட்காரவைத்து, மறுபடி சரிசெய்யாமல் வண்டியை ஒப்படைக்கக் கூடாது.

இறக்கியபின் கேபிள் மிச்சமாகும். அதை வெட்டிக் குட்டையாக்கலாமா என்று கேட்பார்கள். உள்கம்பியின் முனை சதுரமாக அழுத்திச் செய்யப்பட்டது. வெட்டிவிட்டுப் பட்டறையில் பற்றவைத்த முனை அதே அளவு சீராகச் சுழலாது. முனைகள் பொருந்துகிற குட்டைக் கேபிள் கிடைத்தால் அதைப் போடலாம். சென்னையில் ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் பொறுமையாகத் தேடினால் கிடைக்கும். கிடைக்காவிட்டால் மிச்சத்தைப் பெரிய, சோம்பலான வளைவாக விட்டு, கேபிளைப் பிடிக்கும் வளையத்துக்குள் நுழைத்துவிடுவது நல்லது. முன் ஃபோர்க் முழுக்க நீண்டிருக்கும்போது ஸ்பீடோ கேபிள் விறைக்கக்கூடாது. ஃபோர்க் அமுங்கும்போது தொங்கும் பகுதி டயரைத் தொடக்கூடாது. சென்டர் ஸ்டாண்டில் முன்சக்கரத்தைத் தூக்கி முதலாவதையும், இருவர் சேர்ந்து ஹேண்டில்பாரை அமுக்கி இரண்டாவதையும் பார்த்துவிடலாம்.

கிரீஸ் விஷயத்தில் தாராளம் கூடாது. உள்கம்பிக்கு மெல்லப் பூசி, மீட்டர் பக்கத்து 8 அங்குலத்தைத் துணியால் துடைத்துவிட வேண்டும். இல்லையென்றால் சுழலும் கம்பி கிரீஸை மேலேற்றி மீட்டருக்குள் கொண்டுபோகும். காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் இடையே கிரீஸ் புகுந்துவிட்டால், பிறகு எவ்வளவு நல்ல கேபிள் போட்டும் பயனில்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகுதான் மீட்டரைத் தாங்கும் பிராக்கெட். முதலில் அட்டையில் வெட்டிப் பொருத்திப் பார்க்கிறேன். வண்டிக்காரரை அவர் வழக்கமாக உட்காரும் விதத்தில் உட்காரச் சொல்லி, மீட்டரின் முகம் அவர் கண்ணை நேராகப் பார்க்கும்படி சாய்க்கிறேன். இறக்கிய மீட்டரை மல்லாத்தி விட்டால் அதன் கண்ணாடியில் வானம்தான் தெரியும். சென்னையின் உச்சி வெயிலில் எண்ணே படிக்க முடியாது. முள் எண்தட்டுக்குச் சற்று மேலே மிதப்பதால், சாய்கோணத்தில் பார்த்தால் வேகமும் தப்பாகத் தெரியும்.

அட்டை சரியானால் 3 மி.மீ. இரும்புத் தகட்டில் வெட்டலாம். அலுமினியம் என்றால் 5 மி.மீ. எடுத்து, கூர்மையாக மடிக்காமல் வளைவாக மடிக்க வேண்டும். கூர்மடிப்பில் அது வெடித்துவிடும். பிராக்கெட்டின் கை எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. நீண்ட கை, இன்ஜின் ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தொடும்போது தானும் சேர்ந்து அதிரும், எண்கள் மங்கலாகிவிடும்.

மீட்டர் உட்காரும் ரப்பர் புஷ்ஷைப் பலர் அலட்சியப்படுத்துகிறார்கள். பல பத்தாண்டு வெயில் பட்ட ரப்பர் கல்லாகியிருக்கும், புதிது போட வேண்டும். புதிதையும் நட்டை முறுக்கி நசுக்கிவிட்டால் அதுவும் கல்தான். அதனால் லேத்தில் ஒரு காலர் கடைந்து உள்ளே வைக்கிறேன்: ரப்பர் 10 மி.மீ. என்றால் காலர் 9 மி.மீ. நட்டு காலரில் முட்டி நிற்கும். ரப்பருக்கு அளவான அழுத்தம் மட்டும் கிடைக்கும். விரலால் மீட்டரைத் தள்ளினால் லேசாக அசைந்து திரும்ப வேண்டும். ரப்பரில் மிதக்கும் மீட்டருக்கு எர்த் தானாகக் கிடைக்காது என்பதையும் மறக்கக்கூடாது. யமஹா வயரிங்கில் எர்த் கறுப்பு வயர்; அதைத் தனியாகச் சேர்க்காவிட்டால் மீட்டர் பல்பு எரியாது.

எல்லாம் பூட்டியபின் இன்ஜினை ஐடிலிங்கில் விட்டு ஹேண்டில்பாரை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்புகிறேன். சத்தம் ஏறினால் ஆக்சிலரேட்டர் கேபிள் எங்கோ இழுபடுகிறது. வண்டி திரும்பும்போது அது தானாக வேகமெடுக்கும். அந்த நிலையில் அதைத் தெருவுக்கு அனுப்பக்கூடாது.

ஒரு விதியை மட்டும் யாருக்காகவும் தளர்த்துவதில்லை: வண்டியோடு வந்த எந்தப் பாகத்திலும் துளையிட மாட்டேன், எதையும் வெட்ட மாட்டேன். புது பிராக்கெட் பழைய போல்ட் துளைகளிலேயே உட்கார வேண்டும். பழைய பிராக்கெட்டையும் போல்ட்டுகளையும் பையில் கட்டி வண்டிக்காரரிடமே கொடுத்துவிடுகிறேன். இந்த வண்டி இனி தயாராகப் போவதில்லை. அடுத்து வாங்குபவருக்கு உயர்ந்த ஹேண்டில்பார் பிடிக்கலாம்.

இரண்டு விரல் கேட்டவருக்குப் பல சமயம் ஒரு விரல்தான் இறக்கிக் கொடுக்க முடிகிறது. எடுக்க வரும்போது முகம் சுருங்கும். நான் வாதிடுவதில்லை, கரடுமுரடான சாலையில் 60-இல் ஒரு சுற்று ஓட்டிவிட்டு முள்ளைப் பார்க்கச் சொல்வேன். அது ஆடாமல் நின்றால் உயரம் சரி. ஆடினால், எவ்வளவு அழகாக இறங்கியிருந்தாலும், அந்த வேலையை நான் மறுபடி செய்வேன்.