எங்கள் ஏரியும் வேலிகாத்தானும்

திருவண்ணாமலைக்குக் கிழக்கே, மலையின் முழு வடிவும் தெரியும் தொலைவில் எங்கள் சிற்றூர் இருக்கின்றது. ஊருக்கு ஓர் ஏரி உண்டு. ஐப்பசி கார்த்திகை மழையால் நிரம்பிப் பங்குனி சித்திரையில் வற்றிவிடுவது அதன் இயல்பு. கார்த்திகைத் தீபத்தை அவ்வேரிக்கரைமேல் நின்றே நாங்கள் காண்போம்.

என் பாட்டியார் காலத்தில் அவ்வேரி வற்றுவதும் ஊருக்கு ஒரு வருவாயாக இருந்ததாம். நீர் பின்வாங்கப் பின்வாங்க, ஈரச் சேற்றில் கோரையும் அறுகும் தழைக்கும்; ஓரங்களில் நீர்முள்ளி பூக்கும்; பொன்னாங்கண்ணியும் வல்லாரையும் கரிசலாங்கண்ணியும் ஈரங்கண்ட இடமெல்லாம் படரும்; இறுதியில், வெடித்த களிமண்மேல் செருப்படை தரையோடு தரையாய்ப் பரவும். மாடுகள் அங்கே மேயும். பாட்டியார் விடியுமுன் கீரை பறித்து, கூடையைத் தலைமேற்கொண்டு நடந்து, கோயிலைச் சூழ்ந்த மாட வீதிகளில் விற்று வருவார்.

யான் கண்ட ஏரியோ முட்காடு. சீமைக் கருவேலை எங்கள் பக்கத்தார் வேலிகாத்தான் என்பர். வேலியே பயிரை மேய்ந்த கதைக்கு இதனினும் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது! அமெரிக்க நிலங்களுக்குரிய இம்மரம், அக்காலச் சென்னை மாகாணத்துக் கடப்பைப் பகுதிக்கு 1877ஆம் ஆண்டளவில் விறகின்பொருட்டு வந்து சேர்ந்தது. இதன் இனிய நெற்றுகளை ஆடுமாடுகள் விரும்பித் தின்னும். விதையோ செரியாமல் சாணத்தோடு விழுந்து முளைக்கும். ஏரி நிரம்பாத ஆண்டுகளில் முளைத்த கன்று, அடுத்த வெள்ளத்துக்குள் தலைநிமிர்ந்துவிடும். வெட்டினால் அடிக்கட்டை பலவாய்த் துளிர்க்கும்.

நம் நாட்டுக் கருவேலும் ஏரியில் வளர்வதுதானே என்று சிலர் வினவலாம். அதன் நிழல் மெல்லியது. அடியிற் புல் முளைக்கும். சீமைக் கருவேலோ நெருங்கிப் புதராகிக் கோடையிலும் பசுமை மாறாது நிற்கும். ஏரித்தரைச் செடிகள் வெயிலை வேண்டுவன. அவற்றுக்கு வாய்ப்பது நீர் வற்றிய அச்சில திங்களே. அப்பொழுது வெயில் மறைக்கப்பட்டால் அவை பூத்து விதை சிந்துவது எங்ஙனம்? கச்சுப் பகுதியிலுள்ள பன்னிப் புல்வெளியும் மழைக்காலத்தில் நீர் பரந்து நிற்பதே. உப்புநிலம் பரவுவதைத் தடுக்க 1961ஆம் ஆண்டு ஆங்கே நடப்பட்ட இம்மரம், பின்னர்ப் புல்வெளியின் பெரும்பகுதியை விழுங்கிவிட்டது.

நிற்க. இம்மரத்தைப் பழிக்க எனக்குத் தகுதியுண்டோ என்பதே என் ஐயம். கீரை அற்றுப்போனபின், என் தாயார் அம்முட்காட்டில் விறகு வெட்டியே எங்களைக் காத்தார். இக்கல்லூரியில் யான் செலுத்திய முதற் கட்டணம் அவ்விறகு விற்ற பணம். அவர் உள்ளங்கையில் முள் தைத்த வடுக்கள் இன்றும் உள்ளன.

சீமைக் கருவேலை அகற்றுமாறு 2017ஆம் ஆண்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. அவ்வாண்டிலேயே சென்னை அமர்வு அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. 2022இல் அயல் தாவரங்களை அகற்றும் கொள்கையை மாநில அரசு வெளியிட்டது. எங்கள் ஏரிக்குப் பொக்லைன் வந்தது அதற்குப் பின்னரே. பத்து நாளில் மரமெல்லாம் லாரியேறிப் போயிற்று. ஊரார் மகிழ்ந்தனர், தாயாரோ, “இனி அடுப்புக்கும் பிழைப்புக்கும் என்ன செய்வது?” என்றார். அதற்கு விடை சொன்னவர் ஒருவரும் இலர். அடுத்த மழைக்குப்பின் வேலிகாத்தான் கன்றுகளே நாற்றங்கால்போல் முளைத்தன. அவற்றைப் பிடுங்க ஒருவரும் வரவில்லை.

சென்ற கோடை விடுமுறையில் தாயாரும் யானும் ஏரிக்குட் சென்றோம். மதகினருகே, ஒரு பாய் விரிக்கும் அளவான இடத்தில் செருப்படை படர்ந்திருந்தது. தாயார் குனிந்து அதனைத் தடவிப் பார்த்தார். பின்னர் அதனூடே நின்ற முட்கன்றுகளை ஒவ்வொன்றாய்ப் பிடுங்கலானார். யானும் ஒன்றை இழுத்தேன். தண்டு மட்டும் அறுந்து கையில் வந்தது. “வேரோடு வரவேண்டும், தம்பி, மண்ணைக் கிளறிப் பிடுங்கு” என்றார். இருட்டும்வரை பிடுங்கினோம்.