ஒரு சோறு பதமாகுமா?

பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது தமிழர் வாக்கு. சமுதாய ஆய்வில் மாதிரி எடுக்கும் முறை முழுவதும் இவ்வொரு தொடரில் அடங்கியதுபோல் தோன்றும். ஆயின், ஒரு சோறு பதமாவது பானை முழுவதும் ஒரே தீயில் ஒருசேர வெந்திருப்பதனால் அன்றோ? மனிதர் வாழும் ஊர் அத்தகைய பானையன்று.

சிலிம் ரிவர் வட்டாரத்தையே சான்றாகக் கொள்ளலாம். இரப்பர் செழித்திருந்த நாளில், அங்கே தோட்டமொன்றின் வாழ்க்கை நிலையை ஆராயப் புகுந்த மாணவன் காலை ஒன்பது மணிக்கு லயத்துக்குச் சென்றிருப்பின் யாரைக் கண்டிருப்பான்? விடியுமுன் பெரட்டுக்குச் சென்றோர் பால்மரக் காட்டில் இருப்பர்; முதியோரும் நோயுற்றோரும் குழந்தைகளுமே எதிர்ப்படுவர். அவர்களை மட்டும் வினவித் திரும்பினால், தோட்டமே மூப்பாலும் பிணியாலும் நலிந்ததென்ற முடிவு பிறக்கும். பூட்டிய கதவுக்கு ஈடாக அடுத்த வீட்டைத் தட்டுவதும் பிழையே. மாலையில் மீண்டும் வருதலே முறை.

கிராணியாரின் பெயர்ப்பதிவேட்டை நம்புவதிலும் இடருண்டு. அதில் கூலி பெறுவோர் இருப்பர். வேலை இழந்தோர் இரார். இத்தகைய பிழை உலகறிந்தது. 1936இல் அமெரிக்க அதிபர் தேர்தலை முன்னிட்டு ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்னும் இதழ் ஏறத்தாழ 1 கோடிப் பேருக்கு அட்டைகள் அனுப்பியது. 20 இலட்சத்துக்கு மேற்பட்ட விடைகள் வந்தன. லாண்டன் வெல்வார் என்றது இதழ், வென்றவர் ரூஸ்வெல்ட். தொலைபேசியும் மோட்டார் வண்டியும் உடையோர் பட்டியல்களையே அது பெரிதும் நம்பியிருந்தது. விடையனுப்பாதோரின் கருத்தும் அதற்கு எட்டவில்லை. எண்ணிக்கையின் பெருமை தேர்வின் பிழையைப் போக்கவில்லை.

பட்டியல் செம்மையாயினும் தேர்வில் விழிப்பு வேண்டும். பன்னிரண்டு லயங்கள், ஒவ்வொன்றிலும் பத்து வீடுகள் எனக் கொள்க. 120 வீடுகளில் 24 வேண்டும். ஐந்துக்கு ஒன்றென மூன்றாம் வீட்டில் தொடங்கினால் 3, 8, 13, 18 என வரும். அஃதாவது, ஒவ்வொரு லயத்திலும் மூன்றாவதும் எட்டாவதுமே அமையும். கோடி வீடுகள் ஒன்றேனும் வாரா. லயந்தோறும் தனித்தனியே சீட்டுக் குலுக்கி இரண்டிரண்டு வீடுகளைத் தேர்ந்தால் எல்லா வீட்டுக்கும் ஒத்த வாய்ப்புக் கிட்டும்.

கேள்வியும் சீர்தூக்கத் தக்கது. “உங்கள் மனைவி என்ன வேலை செய்கிறார்?” என்றால், “சும்மாதான் இருக்கிறாள்” என்பார் கணவர். விடியல் முதல் அவர் செய்தவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டால் தாள் நிரம்பும். அதனையும் அவரிடமே கேட்டல் நன்று.

சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் மாணவர்களைத் தத்தம் ஊர்களை ஆராயுமாறு வினாநிரலுடன் அனுப்பினார். இருவேல்பட்டு, கங்கைகொண்டான் முதலிய சிற்றூர்களின் நிலை 1918இல் நூலாயிற்று. அவை குலுக்கித் தேர்ந்த ஊர்களல்ல. ஆதலின், மாநிலம் முழுமைக்கும் மாதிரியாகா. எனினும், 1930களிலும் பின்னரும் ஆய்வாளர் அவ்வூர்களுக்கு மீண்டும் சென்று மாற்றத்தை அளந்தனர். முதற்பதிவு இல்லையேல் ஒப்பீடு ஏது?

இரப்பர்க் காடுகள் பல செம்பனையாயின. லயத்துக் குடும்பங்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தன. அவர்தம் நிலையை இன்று ஆராயும் மாணவர் கோயில் திருவிழாவில் கூடினோரை மட்டும் வினவுதல் போதாது. திருவிழாவுக்கு வர வழியற்றோர், அடையாள அட்டை இன்மையால் கேள்வித்தாளைக் கண்டு ஒதுங்குவோர் ஆகியோரின் கதவையும் தேடித் தட்டல் வேண்டும். கணக்கில் வாராதவர் உதவித் திட்டத்திலும் வாரார். வேகாத சோறு பானையின் அடியில் கிடக்க, மேலே எடுத்த ஒன்றைக் கொண்டு பதம் சொல்லுதல் ஆய்வாகாது.