ஒரே ஒரு பாட்டுக்கு இடமுள்ள கேசட்

எனக்குச் சுருதி நிற்காது. சிறுவயதில் என்னைச் சேர்த்துவிட்ட பாட்டு வாத்தியார் பெரிய மனசுக்காரர். அப்பாவிடம், "பையனுக்குக் கணக்கு நல்லா வருதாமே" என்று மட்டும் சொல்லி அனுப்பி வைத்தார். நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்தேன். ஆனாலும் இசைக்குப் பக்கத்தில் எங்காவது நின்றுகொண்டிருக்க வேண்டும் என்ற அரிப்பு மட்டும் போகவில்லை. திருவிழா மைக்செட்டுக்கு வயர் இழுப்பேன். கருகிப்போன ஆம்ப்ளிஃபயர் எதுவும் கண்ணில் பட்டால் திறந்துகொண்டு உட்கார்ந்துவிடுவேன். பாடுகிறவர்களுக்கும் வாசிக்கிறவர்களுக்கும் ஓரடி தள்ளி, கையில் சால்டரிங் அயர்னோடு நிற்கிற ஆள் நான். அந்த இடத்தில் நிற்பவர்களுக்கென்று ஒரு கர்வம் உண்டு. என்னுடையது எப்படி இறங்கியது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

கேம் பாய் 1989இல் ஜப்பானில் வெளிவந்தது. கியோத்தோவில் உள்ள நின்டெண்டோ நிறுவனத்தில் குன்பெய் யோகோய் என்ற பொறியாளரின் குழு உருவாக்கிய கையடக்க விளையாட்டுக் கருவி அது. நான்கு பென்சில் பேட்டரி, பச்சை படிந்த சின்னத் திரை, அதில் நான்கே சாயல்கள். உள்ளே இருக்கும் ஒலிப் பகுதியால் ஒரே நேரத்தில் நான்கு குரல்களை எழுப்ப முடியும். இரண்டு சதுர அலைகள்; நாமே வடிவம் வரைந்து கொடுக்கக்கூடிய ஓர் அலை; பிறகு வெறும் இரைச்சல். வரைந்து கொடுக்கும் அலைக்கு 32 புள்ளிகள், ஒவ்வொரு புள்ளிக்கும் 16 உயரங்களில் ஏதாவது ஒன்று. டெட்ரிஸ் விளையாடியவர்கள் தூக்கத்திலும் முணுமுணுக்கும் மெட்டை ஹிரோகாசு தனாகா இந்த நான்கு குரல்களுக்குள்தான் அமைத்தார்.

1998இல் ஹாம்பர்க்கில் கலைக்கல்லூரி மாணவராக இருந்த ஒலிவர் விட்சோ, நானோலூப் என்ற கேசட்டைச் செய்தார். அதைச் செருகினால் கேம் பாயில் விளையாட்டு வராது, இசையமைக்கும் கட்டங்கள் வரும். 2000 வாக்கில் சுவீடனைச் சேர்ந்த யோஹான் கோட்லின்ஸ்கி, லிட்டில் சவுண்ட் டிஜே என்ற இன்னொரு செயலியை எழுதினார். அதன் பிறகு இந்தச் சாம்பல் நிறப் பெட்டியை மேடையில் வைத்து வாசிக்கிற கூட்டம் ஒன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் கிளம்பியது. 2006இல் நியூயார்க்கில் இதற்கென்றே பிளிப் ஃபெஸ்டிவல் என்ற விழா எடுத்தார்கள். என் கையிலிருந்த கேம் பாய் அந்த உலகத்தைப் பார்த்ததில்லை. அது சென்னை பர்மா பஜாரில், திரையில் சில கோடுகள் செத்த நிலையில், பேரம் பேசி வாங்கியது. திரைக்குக் கீழே உள்ள பட்டை இணைப்பை லேசாகச் சூடாக்கினால் கோடுகள் திரும்பி வந்துவிடும். விற்றவருக்கு அது தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

கோட்லின்ஸ்கியின் செயலி கணினிக் கோப்பாகக் கிடைத்துவிடும். கேம் பாய்க்கோ கோப்பு தெரியாது, முதுகில் செருகும் கேசட் மட்டும்தான் தெரியும். (டிவி கேம் காலத்திலிருந்தே நம் ஊரில் அதற்குக் கேசட் என்றுதான் பெயர், நானும் அப்படியே சொல்கிறேன்.) அழித்து அழித்து எழுதக்கூடிய ஃபிளாஷ் கேசட்டை வெளிநாட்டிலிருந்து வரவழைத்திருக்கலாம். கூரியர் செலவு, சுங்க வரி என்று வீட்டில் காரணம் சொன்னேன். உண்மையில் எனக்கு அதைச் செய்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

கேசட்டின் அடியில் 32 தொடுமுனைகள். 16 முகவரிக்கு, 8 தரவுக்கு. மீதியில் 5 வோல்ட், கிரவுண்ட், கடிகாரம், படி, எழுது, நினைவகத் தேர்வு, ரீசெட். கடைசிக்கு முந்தின முனை ஒலிக்கு. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். 16 கம்பிகளை வைத்து 65,536 இடங்களைச் சுட்டலாம். அதில் பாதிதான், அதாவது 32 கிலோபைட்தான், கேசட்டில் உள்ள நிரலுக்கு. கோட்லின்ஸ்கியின் செயலியோ 1 மெகாபைட். டிரம் ஒலித் துணுக்குகள் எல்லாம் உள்ளேயே இருப்பதால் அந்தப் பருமன். எனவே அதை 16 கிலோபைட் கொண்ட 64 பக்கங்களாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் பக்கம் எப்போதும் தெரியும். மற்றவற்றை ஒவ்வொன்றாகத்தான் பார்க்க முடியும். தாலுகா ஆபீஸ் ஜன்னலில் நின்று 37ஆம் நம்பர் கோப்பு என்று கேட்டால் உள்ளே இருப்பவர் எடுத்து வந்து ஜன்னலில் வைப்பதைப் போல. கேட்ட உடனே வந்துவிடும் என்பது மட்டும்தான் வித்தியாசம். உள்ளே இருக்கும் அந்த ஆள்தான் மேப்பர் சிப்.

அவரிடம் பக்க எண்ணைச் சொல்லும் வழி இருக்கிறதே, அதை முதலில் படித்தபோது எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன். நிரல் இருக்கும் பகுதி படிக்க மட்டுமே ஆனது, அங்கே எதையும் எழுத முடியாது. ஆகவே அங்கே யாராவது எழுத முயன்றால் அதைப் பக்க எண்ணாக எடுத்துக்கொள் என்று விதி வைத்துவிட்டார்கள். தனியாக ஒரு கம்பிகூடத் தேவைப்படவில்லை.

ஆனால் ஃபிளாஷ் சிப் எழுதக்கூடியது. எழுது கம்பியை நேராக அதற்குக் கொடுத்தால், பக்கம் புரட்டச் சொல்லும் கட்டளைகளெல்லாம் சிப்பின் வாசலிலும் போய் நிற்கும். அதனால் ஃபிளாஷுக்குத் தனி எழுது கம்பி வேண்டும். கிடைப்பதோ 32 முனைதான். இங்கேதான் அந்த 31ஆம் முனை. கேசட்டுக்குள் யாராவது கூடுதலாக ஒலிச் சிப் வைத்தால் அதன் ஓசை உள்ளே வரட்டும் என்று நின்டெண்டோ விட்டுவைத்த பாதை அது. கேசட் செய்கிறவர்கள் பலர் அதையே ஃபிளாஷின் எழுது கம்பியாக்கிக்கொண்டார்கள். கேம் பாயில் இருக்கும்போது ஒரு ரெசிஸ்டர் அந்தக் கம்பியை 5 வோல்ட்டில் பிடித்து வைத்திருக்கும், சிப் பேசாமல் இருக்கும். கணினியோடு சேரும் எழுதுகருவியில் வைத்தால் மட்டும் அது வேலைக்கு வரும். கேசட்டில் இசைக்கென்று ஒதுக்கிய ஒரே முனை, இசைக் கேசட்டில் இசைக்குப் பயன்படவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்னமும் சிரிப்பு வரும்.

பாகங்களுக்கு ரிச்சி தெரு. "அண்ணே, 39எஸ்எஃப்040 இருக்கா?" என்றேன். கடைக்காரர் தலையை நிமிர்த்தாமல், "பழைய மதர்போர்டு பயாஸ் சிப் எல்லாம் அந்த டப்பாவுல கிடக்கு, தேடிக்கோ தம்பி. ஓடுதான்னு என்னைக் கேக்காதே" என்றார். ஒரு சிப்பில் 512 கிலோபைட், இரண்டு போட்டால் 1 மெகாபைட். கேம் பாய் சுமார் 4.19 மெகாஹெர்ட்ஸில் ஓடுவது, அதற்கு இந்தக் கிழட்டுச் சிப்புகளின் வேகமே தாராளம். மேப்பருக்குத் தனிச் சிப் கிடைக்கவில்லை. 74 வரிசை லாஜிக் சிப்புகளைக் கோத்தே அந்த வேலையைச் செய்ய வைத்தேன். பாட்டைச் சேமிக்க 62256 என்ற 32 கிலோபைட் நினைவகம், மின்சாரம் நின்றாலும் அதை விழித்திருக்க வைக்க ஒரு பொத்தான் பேட்டரி, அணைக்கும் நேரத்தில் குப்பை எதுவும் எழுதப்படாமல் காக்க ஒரு காவல் சுற்று.

தொடுமுனைகள் ஒரு பக்கம் மட்டும் இருப்பது எனக்கு வசதியாகப் போயிற்று. கோடுகளை வழவழப்பான தாளில் அச்செடுத்து, தாமிரப் பலகைமேல் இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து, பெர்ரிக் குளோரைடில் போட்டு எடுத்தேன். அசல் கேசட்டின் பலகை கனம் 0.8 மில்லிமீட்டர், எனக்குக் கிடைத்ததோ 1.6. பின்பக்கத்தைக் கை ஓயும்வரை உப்புத்தாளில் தேய்த்தேன். லாஜிக் சிப்புகளெல்லாம் கேசட்டின் ஓட்டுக்குள் அடங்கவில்லை. பட்டை வயரில் கோத்து இன்னொரு பலகையில் வைத்தேன். அது கேம் பாயின் முதுகுக்குப் பின்னால் தொங்கும்.

கேம் பாயை இயக்கியதும் நின்டெண்டோ பெயர் மேலிருந்து இறங்கி வரும் அல்லவா, அந்தப் படம் கேசட்டிலிருந்துதான் படிக்கப்படுகிறது. 48 பைட். கருவிக்குள் இருக்கும் பிரதியோடு அது ஒத்துப்போகாவிட்டால் கருவி அப்படியே நின்றுவிடும். கேசட்டே இல்லாவிட்டால் பெயருக்குப் பதிலாகக் கறுப்புக் கட்டை ஒன்று இறங்கும். என் வேலைக்கு இதைவிட நல்ல சோதனைக் கருவி கிடையாது. பெயர் வந்து, அதில் கோடு கோடாகக் கிழிந்திருந்தால், கோடுகள் விழும் இடைவெளியைப் பார்த்தே எட்டுத் தரவுக் கம்பிகளில் எது தொடவில்லை என்று ஊகித்துவிடலாம். முழுப்பெயரும் பழுதில்லாமல் இறங்கிய அன்று எனக்கு வேலை முடிந்துவிட்டது. இசையமைக்கத்தான் இதையெல்லாம் செய்தேன் என்பது நினைவுக்கு வந்தது அதற்கப்புறம்தான்.

வாசித்தவள் என் அக்கா மகள். கல்லூரி இசைக்குழுவில் கீபோர்டு. விடுமுறைக்கு வந்தவள், வயர் தொங்கும் அந்தப் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "குடல் வெளிய வந்திருக்கே மாமா" என்றாள். பிறகு திருப்பித் தரவில்லை.

32 கிலோபைட் நினைவகத்தில் ஒரு சங்கதி உண்டு. அந்தச் செயலியில் ஒரு பாட்டு முழுதாக 32 கிலோபைட்டை எடுத்துக்கொள்ளும். பாட்டுகளைப் பெயரிட்டு அடுக்கும் பக்கம் 64 கிலோபைட்டாவது இருந்தால்தான் திறக்கும். ஆக, என் கேசட்டில் ஒரே ஒரு பாட்டுக்குத்தான் இடம். புதிதாகத் தொடங்க வேண்டுமென்றால் இருப்பதை அழிக்க வேண்டும். நான் அவளிடம் இதைச் சொன்னேன். "பரவால்ல" என்றாள்.

மாதக்கணக்கில் வைத்திருந்து ஒரு பாட்டைக் கொண்டுவந்தாள். எனக்கு இசை தெரியாது என்றாலும் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும், அதனால்தான் அசந்துபோனேன். டிரம் துணுக்குகளும் பேஸும் ஒரே அலைக்குரலில்தான் வர வேண்டும். ஒன்று வரும்போது மற்றது வராது. அவள் டிரம் விழும் ஒவ்வொரு இடத்திலும் பேஸை நிறுத்தியிருந்தாள். கேட்டால் நின்றதே தெரியாது, நம் காதே அதை நிரப்பிக்கொள்கிறது. ஒரு சதுர அலையில் மூன்று ஸ்வரங்களை மிக வேகமாக மாற்றி மாற்றி ஓடவிட்டு, ஒரே குரலைச் சேர்ந்திசையாகக் கேட்க வைத்திருந்தாள். இது இந்த உலகில் எல்லோரும் செய்கிற பழைய உத்திதான். ஆனால் அவளுடையதில் அவசரம் தெரியவில்லை.

நான் அந்தப் பாட்டை ஊரெல்லாம் போட்டுக் காட்டினேன். ஒரு கல்லூரியில் மாணவர்களிடம் பேசக் கூப்பிட்டார்கள். அங்கே விரிவாகவே சொன்னேன். இடம் குறைவாக இருந்ததால்தான் பாட்டு இப்படிச் செதுக்கினாற்போல் வந்தது, இரண்டாவது பாட்டுக்கு வழி இல்லாததால்தான் இதையே திருத்திக்கொண்டிருந்தாள், குறைவான கருவிதான் நிறைவான கலையைத் தரும் என்றெல்லாம். நல்ல கைதட்டல். பழைய கருவிகளைப் பற்றிப் பேசுகிற எவரும் கடைசியில் வந்து நிற்கும் இடம்தான் அது. அவளும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

வெளியே டீக்கடையில் கேட்டாள்: "மாமா, இந்தப் பாட்டுக்கு முன்னாடி அந்தக் கேசட்ல எத்தனை பாட்டை அழிச்சேன் தெரியுமா?"

தெரியாது. அவளிடம் நான் கேட்டதே இல்லை.

"அதுல ஒண்ணு இதைவிட நல்லா இருந்துச்சு. வேற ஒண்ணு தோணுச்சு, வைக்க இடமில்ல, அழிச்சிட்டேன். நீங்க என்னடான்னா அந்த இடமில்லாததுக்குப் போய் மாலை போடறீங்க."

நான் ஏதோ சமாளித்தேன். யோகோய்கூடப் பழைய, மலிவான தொழில்நுட்பத்தைப் புது விதமாக யோசித்துப் பயன்படுத்த வேண்டும் என்று சொன்னவர்தானே என்றேன். "அவர் வித்த பெட்டி விலை குறைவா இருக்கணும், பேட்டரி சீக்கிரம் தீரக் கூடாதுன்னு செஞ்சிருப்பாரு. பாட்டு நல்லா வரணும்னா செஞ்சாரு?" என்றாள். பதில் இல்லை. கேம் பாய் வந்த அதே ஆண்டு அட்டாரி கொண்டுவந்த லின்க்ஸ் வண்ணத் திரையோடு வந்தது, ஆறு பேட்டரி தின்றது. யோகோயின் கணக்கு அவள் சொன்ன அந்தக் கணக்குதான்.

அதன் பிறகு கோட்லின்ஸ்கியின் செயலியை வேறு கண்ணோடு பார்த்தேன். அதில் இருப்பதெல்லாம் அந்த நான்கு குரல் சிறையிலிருந்து தப்பிக்கும் வழிகள். அலைக்குரலுக்குள் டிரம் ஒலியைத் திணிப்பது, ஸ்வரத்தை நொடிக்குப் பலமுறை மாற்றும் அட்டவணைகள், பாட்டைச் சுருக்கி 512 பைட் துண்டுகளாக அடுக்கும் கோப்பு முறை. குறைவைக் கொண்டாடுகிற ஆள் இப்படி எழுதமாட்டார். குறுகலான அறையைப் புகழ்பவர்கள் அதைக் கட்டியவர்களும், வெளியிலிருந்து எட்டிப் பார்ப்பவர்களும்தான். நான் அந்த அறையைக் கட்டியவன். உள்ளே இருந்து பிழைத்து வெளியே வந்த ஒரே பாட்டைப் பார்த்துவிட்டு அறைக்குச் சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த கேசட்டில் 128 கிலோபைட் வைத்தேன். 32 கையிலிருக்கும் பாட்டுக்கு, மீதி 96 அடுக்கி வைப்பதற்கு. அவள் அதை அரைகுறைப் பாட்டுகளால் நிரப்பினாள். பாதியில் நிற்பவை, எட்டு வினாடி ஓடுபவை, ஒரே பாட்டின் நான்கு வடிவங்கள். "பார்த்தாயா, இடம் கொடுத்ததும்…" என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். அந்த அரைகுறைகளும் அவளுக்கு வேண்டியவை.

பிறகுதான், "இதுல இருக்கறதைக் கம்ப்யூட்டருக்கு எடுக்க முடியாதா?" என்று கேட்டாள். முடியும். என் எழுதுகருவியிலேயே முடியும், புதிதாக ஒரு வயர்கூட வேண்டாம். நினைவகத்தைத் திறக்கும் எண்ணை எழுதி, 8 கிலோபைட் பக்கங்களாகப் புரட்டிப் படித்தால் போதும். சிறிய நிரல், ஒரு சாயங்காலத்தில் எழுதிவிட்டேன். அந்த ஒற்றைப் பாட்டுக் கேசட்டுக்கும் அதே நிரல் பொருந்தியது. அது முதலிலேயே இருந்திருந்தால் ஒரு பாட்டையும் அழிக்க வேண்டி வந்திருக்காது. எனக்கு எழுதுவதுதான் சவாலாக இருந்தது. அதனால் எழுதும் பாதையை மட்டும் செய்திருந்தேன்.

அவளிடம் அதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் கேசட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"அழிச்சதெல்லாம் சிப்புல எங்கயாச்சும் மிச்சம் இருக்குமா மாமா?"

"இருக்காதும்மா. அதே இடத்துல மேல மேல எழுதியாச்சு."

"தெரியும், சும்மா கேட்டேன். ஹெட்போன்ல உய்ங்னு ஒரு சத்தம் வருதே, அதை முதல்ல சரி பண்ணுங்க."