கருப்பணி மாதிரிக் கிடக்கு

நயாகரா-ஒன்-த-லேக்கில் வைன் சுவைக்கிற அறைகளுக்குள் போனால் முதலில் கிடைப்பது வைன் இல்லை, கதைதான். ஏரிக்காற்று, களிமண், திராட்சையின் பெயர், இந்த நிலத்தை வாங்கிய தாத்தா. அதெல்லாம் முடிந்த பிறகுதான் கிளாஸின் அடியில் ஒரு மடக்கு ஊற்றுவார்கள்.

நயாகரா ஆறு ஒன்ராறியோ ஏரியில் விழும் இடத்தில் இருக்கிற சின்ன ஊர் இது. 1792 இல் மேல் கனடாவின் தலைநகரானது. பிறகு நெடுங்காலம் பீச், செர்ரித் தோட்டங்களுக்குப் பெயர்போயிருந்தது. 1975 இல் கார்ல் கைசரும் டொனால்ட் சிரால்டோவும் இங்கே இனிஸ்கிலின் வைனரியைத் தொடங்கினார்கள். அவர்களுடைய 1989 ஆம் ஆண்டு ஐஸ்வைனுக்கு 1991 இல் பிரான்ஸின் வினெக்ஸ்போ கண்காட்சியில் பெரிய விருது கிடைத்தது. இப்போது வைனுக்காகவே ஆட்கள் வருகிற ஊராகிவிட்டது.

ஒரு கலியாணத்துக்காகக் கனடா போயிருந்தபோது ஸ்காபரோவிலிருந்து மாமி, மச்சாள், நான் மூன்றுபேரும் அங்கே போனோம். "பொம்பிளைப் பிள்ளையள் போற இடமே இது?" என்று கேட்டுக்கொண்டுதான் மாமி உள்ளே வந்தார். உள்ளே பாதிக்குமேல் பெண்கள்.

ஊற்றிக்கொடுத்த பெண் ஐஸ்வைன் பற்றி விளக்கினார். திராட்சையைப் பனிக்காலம் வரை கொடியிலேயே விட்டுவிடுவார்களாம். குளிர் மைனஸ் 8 பாகைக்குக் கீழே போனதும், பெரும்பாலும் இரவில், உறைந்த பழத்தை ஆய்ந்து அப்படியே பிழிவார்கள். தண்ணீர் ஐஸாக உள்ளே நின்றுவிடும், இனிப்புச் சாறு மட்டும் வெளியே வரும்.

மாமி நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார். "கருப்பணி மாதிரிக் கிடக்கு" என்றார்.

"கருப்பணி எண்டால் என்னம்மா?" மச்சாள் கேட்டாள். மாமி பதில் சொல்லவில்லை.

முட்டியின் உள்ளே சுண்ணாம்பு பூசிவிட்டால் பனஞ்சாறு புளிக்காது, இனிப்பாகவே இருக்கும், அதுதான் கருப்பணி என்று நான் சொன்னேன். அப்பப்பா சீவல் தொழில் செய்தவர் என்பதையும் சொன்னேன். மச்சாள் கனடாவில் பிறந்தவள். "அம்மா கமம் எண்டெல்லோ சொன்னவ" என்றாள்.

மாமியில் எனக்குக் கோபமில்லை. தவறணைக்குப் போகிறவனை ஊர் ஒருமாதிரிப் பார்க்கும், மரம் ஏறுகிறவனை அதைவிடக் கீழே வைக்கும். இரவில் கள்ளுக் குடித்தவர்களே பகலில் அப்பப்பாவைப் படலைக்கு வெளியே நிற்கவைத்துக் கதைத்தார்கள். எங்கள் ஊரில் கள்ளை இறக்குகிற கை யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் கையின் சாதி தெரிந்ததால்தான் கள்ளுக்கு மரியாதை இல்லாமல் போனது.

நயாகராவில் மரியாதை இருக்கிறது, கை தெரிவதில்லை. வரும் வழியில் தோட்ட ஓரமாகச் சைக்கிளில் போன ஆண்களைப் பார்த்தோம். கனடா 1966 இல் ஜமெய்க்காவிலிருந்தும் 1974 இலிருந்து மெக்சிக்கோவிலிருந்தும் பருவகால விவசாயத் தொழிலாளரைக் கூப்பிடத் தொடங்கியது. வருடத்தில் கூடியது 8 மாதம் வேலை, டிசம்பரில் ஊர் திரும்பிவிட வேண்டும், குடும்பத்தைக் கூட்டிவர முடியாது. இந்தப் பகுதியின் பழத்தோட்டங்களும் திராட்சைத் தோட்டங்களும் அவர்களை நம்பித்தான் நடக்கின்றன. நாங்கள் போன மூன்று அறைகளிலும் மண்ணுக்குப் பெயர் இருந்தது, ஓக் பீப்பாய்க்கு ஊர் இருந்தது. பழம் ஆய்ந்தவர்களைப் பற்றி ஒரு வசனம் இல்லை.

ஆகவே கள்ளையும் இப்படி அழகான கிளாஸில் ஊற்றி விற்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. அப்போதும் பனங்காற்றையும் மணலையும் பற்றித்தான் கதைப்போம், மரம் ஏறினவர் கதைக்குள் வரமாட்டார்.

திரும்பி வரும்போது மாமி தானாகவே சொல்லத் தொடங்கினார். காலமையும் பின்னேரமும் அப்பப்பா ஏறின மரங்கள், தளநார் தேய்த்துக் காய்த்துப்போன பாதம், எந்த மரத்துச் சாறு கூட இனிப்பு என்று அவருக்கு இருந்த கணக்கு. மச்சாள் போனில் பதிவு செய்துகொண்டே வந்தாள்.

உங்கள் வீட்டிலும் "கமம்" என்று சொல்லி மூடிவைத்த தொழில் ஒன்று இருக்கலாம். சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.