வளர்ந்த செடியின் விலை

கடையில் நிற்கும் வளர்ந்த செடிக்குச் சொல்லப்படும் விலை, உண்மையில் செடிக்கு உரியதன்று. அதை வளர்த்தவர் காத்திருந்த ஆண்டுகளுக்கு உரியது. சாண் அளவு நாற்றும் ஆளுயரச் செடியும் ஒரே இனத்தவையாயினும் விலையில் பன்மடங்கு வேறுபடுவதன் காரணம் இதுவே. ஆகவே, பொருள் குறைந்தவருக்கு இரண்டு வழிகள் உண்டு. அந்த ஆண்டுகளைத் தாமே கொடுப்பது ஒன்று. இன்னொருவர் வீட்டில் ஏற்கெனவே கழிந்த ஆண்டுகளைக் கேட்டுப் பெறுவது மற்றொன்று.

நாம் வாழும் இராசிபுரத்தில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் பல. போதமலை தொலைவில் பசுமையாய்த் தெரியும். வாசற்படிக்கு உள்ளே ஓர் இலையும் இராது. நம் இல்லத்தரசியார் கொல்லையும் கிணறும் உடைய வீட்டில் பிறந்து வளர்ந்தவர். முழங்கால் நோவினால் தெருவில் நடக்கவும் இயலாதவராகி, முன்னறையே அவருக்கு உலகமாயிற்று. "சன்னலோரம் நிமிந்து பாக்கற மாதிரி ஒரு பச்சை இருந்தாப் போதுங்க" என்றார் ஒருநாள். சேலத்தில் விசாரித்தோம். சொன்ன விலை நம் வீட்டின் ஒரு வார மளிகைச் செலவை விழுங்கக் கூடியது. ஏற்காட்டிலிருந்து கொணரலாமே என்றார் நண்பர் ஒருவர். சுமார் 1,500 மீட்டர் உயரத்துக் குளிரில் செழித்த பெரணி, நம் சமவெளியின் சித்திரை வெயிலில் எத்தனை நாள் தாங்கும்?

நம் தெருவிலேயே தறி நெய்யும் அன்பர் ஒருவர் வீட்டில் ரப்பர் செடி கூரைக்கு மேல் ஓங்கி நின்றது. பெயரைக் கண்டு மயங்க வேண்டா; குமரி மாவட்டத் தோட்டங்களில் பால் எடுக்கப்படும் ரப்பர் மரம் வேறு. இது ஆலமரத்தின் உறவு. மேகாலயத்தில் இம்மரத்தின் விழுதுகளை ஆற்றுக்குக் குறுக்கே பயிற்றி, உயிருள்ள பாலங்களாகவே வளர்த்து விடுகின்றனர். அத்தகைய மரம் தொட்டிக்குள்ளும் அடங்கியிருப்பது படைத்தவனின் விந்தை. நாம் தயங்கிக் கேட்டபோது, "வெட்டிப் போடற கிளைதானுங்க பாய், வேணுங்கறதை எடுத்துக்கோங்க" என்றார் அவர்.

வெட்டுமுன் கிளையை மரத்திலேயே வேர்விடச் செய்யும் முறைக்கு விண்பதியம் என்று பெயர். விரல் பருமனுள்ள நேரான கிளையில், நுனியிலிருந்து மூன்றடி கீழே, ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக நீக்க வேண்டும். வடியும் பாலைத் துடைத்துவிட்டு, நனைத்துப் பிழிந்த தென்னைநார்க் கழிவை அங்கே பொதிந்து, பாலித்தீன் தாளால் சுற்றி இரு முனைகளையும் இறுகக் கட்ட வேண்டும். இலை சமைத்த உணவு கீழிறங்க வழியின்றி வளையத்தின் மேல்விளிம்பில் தேங்க, அங்கே வேர் பிறக்கும். நாம் புரட்டாசியில் கட்டினோம். கார்த்திகையில் தாளின் உள்ளே வெண்ணிற வேர்கள் தெரிந்தன. கட்டுக்குக் கீழே அறுத்து நட்ட அன்றே மூன்றடிச் செடி நம் வீட்டில் நின்றது. செலவு ஒரு துண்டுத் தாளும் ஒரு முழக் கயிறுமே.

இக்கலை நம் முன்னோர் ஏடுகளுக்கும் புதிதன்று. ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில், அதாவது கி.பி. 12ஆம் நூற்றாண்டில், ஸ்பெயினின் செவில் நகரத்து இப்னுல் அவ்வாம் எழுதிய 'கிதாபுல் ஃபிலாஹா' என்னும் வேளாண் நூல் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தாவரங்களைக் கூறுகிறது. பதியனிடுதலையும் ஒட்டுக் கட்டுதலையும் விரித்துரைக்கிறது. 1802இல் அது மத்ரீதில் ஸ்பானிய மொழியாக்கத்துடன் அச்சேறியது.

தொட்டிக்கும் பொருள் செலவிட வேண்டியதில்லை. பதினைந்து கிலோ எண்ணெய் டின்னின் அடியில் துளையிட்டால் போதும். நீருக்கு ஒளுச் செய்த நீரே ஆகும். அந்நீரைக் கொண்டு மீண்டும் ஒளுச் செய்தல் ஹனஃபி, ஷாஃபி மத்ஹபுகளில் கூடாது. செடிக்கு அந்த விலக்கில்லை. ஆயினும் மேல்மண் காய்ந்த பின்னரே ஊற்றுக. அடித்தட்டில் நீர் தேங்கினால் டெங்குக் கொசு பிறக்கும்.

கிளை கிடைக்காதவர் மணி பிளாண்ட் கொடியை நாடலாம். தென்னைநார் சுற்றிய கம்பில் ஏற்றினால், தொங்கும்போது சிறுத்திருந்த அதன் இலைகள் ஏற ஏற அகன்று பெருகும். அரசு அலுவலர் மாற்றலாகிச் செல்லும்போது லாரியில் ஏற்ற இயலாத பெருஞ்செடிகளை விட்டுச் செல்வதும் உண்டு, கேட்பவருக்குக் கிடைக்கும். ஆனால், மழலைகள் உள்ள வீட்டில் டீஃபன்பேக்கியா வேண்டா. அதனை மென்றால் வாயும் நாவும் வீங்கும். மணி பிளாண்டும் வாய்க்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

நட்டதிலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்டால் அது தருமமாகும் என்பது நபிமொழி. நம் ரப்பர் செடி எவருக்கும் உணவளிப்பதன்று. ஆயினும் அஸருக்குப் பின் நம் இல்லத்தரசியார் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டு, ஈரத்துணியால் ஒவ்வோர் இலையாகத் துடைக்கும்போது முகத்தில் தோன்றும் தெளிவை நாம் காண்கிறோம். இப்போது செடி அவரைவிட ஒரு சாண் உயரம். அடுத்த தெருப் பெண்ணொருத்திக்காக அதன் பக்கக் கிளையில் அவரே கட்டுப் போட்டிருக்கிறார், கார்த்திகைக்குக் காத்திருக்கிறோம்.