பதிவும் தொடர்பும்

ஒருவர் பெயரை ஏட்டில் எழுதி வைத்தல் வேறு. அவரோடு உறவு பூண்டொழுகுதல் வேறு. இருபது ஆண்டுகளுக்கு மேலாக மாணவர்க்குத் தமிழ் போதித்து வரும் யாம், இச்சிறு உண்மையை ஒரு கணினியின் வாயிலாகவே தெளிந்தோமெனின் அன்பர்கள் நகைக்கவும் கூடும். ஆயினும் நடந்ததை நடந்தவாறே கூறுதும்.

இம்மலரில் வெளியிடுதற்குரிய பழைய மாணவர் பெயர்ப் பட்டியலைப் பிழை திருத்தும் பணி எம்பால் ஒப்புவிக்கப்பட்டது. அப்பட்டியல் கொழும்பிலே, அன்பர் ஒருவரின் அலுவலகத்துச் சேவையகத்தில், ஐ.பி.எம். நிறுவனத்தாரின் டீ.பீ.2 என்னும் தரவுத்தளத்தில் இருந்தது. யாமோ யாழ்ப்பாணத்தில் கல்லூரி அலுவலகக் கணினியின் முன் இருந்தோம். அச்சகத்தார் விதித்த தவணைக்கு இரண்டு நாட்களே எஞ்சியிருந்தன. எம்மிடம் தமிழ் பயின்று இன்று கொழும்பிற் கணினிப் பொறியியலாளராக விளங்கும் மாணவர் ஒருவர் தொலைபேசியில் வழிகாட்ட முன்வந்தார். வேண்டிய மென்பொருளை அவர் முன்னரே எமது கணினியில் நிறுவியிருந்தார்.

“சேர், இரண்டு கட்டளைகள் போதும். முதலாவது, சேவையகம் எங்கே இருக்கிறது என்பதைப் பதியும். இரண்டாவது, அங்கேயுள்ள தரவுத்தளத்தைப் பதியும்” என்றார்.

‘கற்றலொக் ரீ.சீ.பீ.ஐ.பீ. நோட்’ என்று தொடங்குவது முதற் கட்டளை. அதன்பின் சேவையகத்துக்கு யாம் இடும் பெயர் வரும். அஃது எட்டு எழுத்துக்களுக்கு மேற்படலாகாது. அப்பெயர் எமது கணினிக்குள் மட்டுமே வழங்குவது. கொழும்பிலுள்ள சேவையகம் அதனை அறியவே அறியாது. இடுகுறிப் பெயர் என்று வகுப்பிற் கற்பிப்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு இல்லையென உள்ளூர மகிழ்ந்தோம். அடுத்து ‘றிமோட்’ என்ற சொல்லும் சேவையகத்தின் முகவரியும்; ஈற்றில் ‘சேர்வர்’ என்ற சொல்லும் துறை எண்ணும். அவர் கூறிய எண் 50000. அம்மகிழ்ச்சியில் யாம் தட்டச்சிட்டது 5000.

கட்டளை வெற்றியாக நிறைவேறியது என்று கணினி விடை தந்தது. தரவுத்தளத்தைப் பதியும் இரண்டாங் கட்டளைக்கும் அவ்விடையே கிடைத்தது. “வேலை முடிந்தது, தம்பி” என்று பெருமிதத்தோடு தொலைபேசியை வைத்துவிட்டுத் தேநீர் அருந்தச் சென்றோம்.

மீண்டு வந்து, ‘கொனெக்ற்’ என்னும் கட்டளையை இட்டபோது, தொடர்பு கொள்ள இயலவில்லை என்ற பிழைச் செய்தியே தோன்றியது. மும்முறை முயன்றும் பயனில்லை. கொழும்பிலேதான் பழுது என்று துணிந்து, மாணவரைச் சிறிது கடிந்தும் பேசிவிட்டோம். அவர் பொறுமையோடு, பதிந்தவற்றை வரிசைப்படுத்திக் காட்டும் ‘லிஸ்ற் நோட் டிறெக்ரறி’ என்ற கட்டளையை இடும்படி கூறினார். இட்டோம். எமது பிழை கண்முன் நின்றது.

“எண் பிழையாயின் கணினி மறுத்திருக்க வேண்டாவோ? வெற்றி என்றல்லவா சொன்னது?” என்று வினவினோம்.

“சேர், அந்தக் கட்டளை கொழும்புக்கு வருவதேயில்லை. உங்கள் கணினியிலுள்ள அடைவில் முகவரியை எழுதி வைப்பது மட்டுமே அதன் வேலை. எழுதியதுதான் வெற்றி. அங்கே வீடு இருக்கிறதா என்று அது போய்ப் பார்ப்பதில்லை. கொனெக்ற் செய்யும்போதுதான் வாசலிலே நின்று கூப்பிடுகிறோம்” என்றார்.

பதிந்த பெயரின் மேல் அதே பெயரை மீளவும் பதிய இயலாது. பழைய பதிவை ‘அன்கற்றலொக்’ செய்து நீக்கிய பின்னரே புதிதாகப் பதிதல் வேண்டும். அவ்வாறே செய்து, ‘ரேர்மினேற்’ என்பதையும் இட்டோம். இன்றேல் நினைவகத்திற் தங்கிய பழைய அடைவையே கணினி நோக்கக் கூடும். பின்னர்ப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தோம். இம்முறை தொடர்பு கிட்டியது. கடிந்து பேசியதற்கு மாணவரிடம் வருத்தம் தெரிவித்தோம்.

பட்டியலில் யாம் முதலில் தேடியது, எம்மோடு ஒரே வாங்கில் அமர்ந்து கற்ற நண்பன் ஒருவனின் பெயரை. 1995ஆம் ஆண்டு இடப்பெயர்விலே இருவரும் பிரிந்தோம். 2003இல் கனடாவிலிருந்து அவன் எழுதிய கடிதம் வந்தது. முகவரியைக் குறிப்பேட்டில் அழகுற எழுதி வைத்தோம். மறுமொழியை மட்டும் நாளை எழுதலாம், தவணை விடுமுறையில் எழுதலாம் எனத் தள்ளி வைத்தோம். குறிப்பேடு மாறும்போதெல்லாம் அம்முகவரியைத் தவறாது பெயர்த்தெழுதினோம். அதனால் நட்பும் தவறாது இருப்பதாகவே எண்ணியிருந்தோம்.

பட்டியலில் அவன் பெயருக்கு எதிரே ‘காலஞ்சென்றவர், 2019’ என்றிருந்தது.

அன்றிரவு நெடுநேரம் இருந்து பட்டியல் முழுவதையும் திருத்தி முடித்தோம். அச்சகத்தார் தவணையும் தப்பவில்லை. அவன் பெயரில் எழுத்துப் பிழை எதுவும் இருக்கவில்லை.

அன்பர்களே! இம்மலரின் பிற்பக்கங்களில் உங்கள் பெயர்கள் அச்சாகியுள்ளன. உங்கள் பெயரைக் கண்டு மகிழ்ந்தபின், உங்களோடு ஒரு வாங்கில் இருந்தவர் பெயரையும் தேடுங்கள். கண்டால், மலரை மூடி வைத்துவிட்டு இன்றே அவரை அழைத்துப் பேசுங்கள்.

எம்மையெல்லாம் ஒருங்கு கூட்டி ஆளாக்கிய கல்லூரி அன்னை நீடு வாழ்க!